பேச்சு வராதவரோடு பேச: மலைப்பகுதியில் தொடர்பு உதவியைச் சீராக்கும் வழி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியை நான். எஸ்டேட் லைன் வீடு, ஹட்டி எனப்படும் படுகர் ஊர், ஜீப் நின்ற பிறகும் நடந்தே போக வேண்டிய பழங்குடிக் குடியிருப்பு என்று நான் போகும் இடங்களில் எல்லாம் பேச்சு வராத ஒருவர் இருப்பார். மூளை முடக்குவாதம் உள்ள சிறுமி. ஆட்டிசம் உள்ள பையன். பக்கவாதம் வந்தபின் சொல் சிக்காமல் தவிக்கும் தாத்தா. பேச்சுக்குப் பதிலாகவோ துணையாகவோ இவர்களுக்கு இன்னொரு வழி வேண்டும். படப் பலகை, எழுத்துப் பலகை, சைகை, கண்ணசைவு, பேசும் டேப்லெட் என எதுவும் அந்த வழியாகலாம். துணை மற்றும் மாற்றுத் தொடர்பு எனப்படும் இதைத் துறைக்குள் இருப்பவர்கள் ஏஏசி என்று சுருக்கிச் சொல்கிறோம்.

கருவியைக் கையில் கொடுப்பது இந்தச் சேவையின் சிறு பங்குதான். அவரைச் சுற்றியிருக்கும் பாட்டியும் தம்பியும் எஸ்டேட் குழந்தைகள் காப்பக ஆயாவும் பஸ் கண்டக்டரும் நர்ஸும் அவருடைய முறையில் அவரோடு பேசப் பழகுவதே பெரிய பங்கு. நடப்பதோ நேர்மாறு. கருவி வழங்கும் நாளில் மேடை போடுகிறோம். பழக்கிவிட ஆள் அனுப்ப மறந்துவிடுகிறோம். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கருவி பீரோவின் மேல் பையோடு இருக்கும். அந்தப் பையைக் கீழே இறக்கவைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சக சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், இயன்முறை மருத்துவர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், வீட்டார் எல்லோருக்குமாக.

முதல் சந்திப்பு

முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போகும்போது படமோ டேப்லெட்டோ எடுக்காதீர்கள். "நாய் எது, காட்டு. பூனை எது, காட்டு" என்று தொடங்கினால் அது பரீட்சை. பரீட்சைக்குப் பதில் சொல்லாத பிள்ளையைப் "புரிதல் இல்லை" என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் பிறகு லேசில் இறங்காது.

வீட்டாரைக் கேளுங்கள். பசித்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வயிறு வலித்தால் என்ன செய்வான்? யார் வந்தால் முகம் மலரும்? எந்தச் சத்தம் கேட்டால் அழுகை? "அவனுக்கு ஒன்றும் தெரியாது டீச்சர்" என்று தொடங்கும் அம்மாவே சிறிது நேரத்தில் அடுக்கடுக்காகச் சொல்லத் தொடங்கிவிடுவார். தாடையைத் தட்டினால் தாகம். கதவையே பார்த்தால் அப்பா வரும் நேரம். இடது காலை உதைத்தால் உட்காரவைத்தது போதும் என்று பொருள். இவை எல்லாமே பேச்சுத்தான். அந்த அம்மா இத்தனை நாளும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கொழுந்து பறிக்கப் போகும் பெற்றோர் காலையில் இறங்கினால் மாலையில்தான் திரும்புவார்கள். பகல் முழுக்கக் கூட இருப்பவர் பாட்டியாகவோ எஸ்டேட் காப்பகத்து ஆயாவாகவோ இருப்பார். அவர்களைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பெற்றோருக்கே தெரியாத குறிப்புகள் அவர்களிடம் கிடைக்கும்.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தால் போதும்: அவர் செய்வது, அதன் பொருள், நாம் செய்ய வேண்டியது. முதல் பக்கம் அவருடைய குரலில் இருக்கட்டும். "எனக்கு வாய்ப்பேச்சு வராது. நீங்கள் பேசுவது புரியும். கண்ணை மேலே உயர்த்தினால் ஆம். பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டும், காத்திருங்கள்." ஒரு நோட்டு வீட்டில், அதன் நகல் அவர் பையில். ஆசிரியர் மாறினாலும், நர்ஸ் மாறினாலும், நானே மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆள் மாற்றம் மிகுந்த நம் சேவையில் முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம் இந்த நோட்டுத்தான் என்பேன்.

ஆம், இல்லை

மற்ற எதற்கும் முன்னால் இது உறுதியாக வேண்டும். தலையாட்டலை நம்பாதீர்கள். நம் ஊரில் தலையை ஆட்டினால் ஆம் என்றும் இருக்கலாம், பார்க்கலாம் என்றும் இருக்கலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் இருக்கலாம். கழுத்து நிற்காத பிள்ளைக்கு அது சிரமமும்கூட. கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், பக்கவாட்டில் திருப்பினால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கண் சிமிட்டுவதைக் குறியாக வைத்தால், தானாகச் சிமிட்டியதா, சொன்னதா என்று பிரித்தறிவது கடினம். ஆளுக்கு எது எளிதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் வீடு, பள்ளி, காப்பகம் எல்லா இடத்திலும் குறி ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கேட்டபின் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு எண்ணம் பிறந்தபின் உடம்பு அதற்கு இசைய நேரம் பிடிக்கும். இரண்டே நொடியில் நாம் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் தொடங்கிய அசைவு கலைந்து, அவர் மறுபடியும் முதலிலிருந்து முயல வேண்டும். பயிற்சி வகுப்புகளில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் காத்திருத்தலுக்குத்தான். பாசம் மிகுந்தவர்களுக்கே இது மிகவும் கடினமாக இருக்கிறது.

மலைக்குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலை வேளையில் கை கால் இறுகிவிடும். கம்பளிக்குள் போர்த்திய பிள்ளையின் கைக்குறி யார் கண்ணிலும் படாது. "இன்றைக்கு மந்தமாக இருக்கிறான்" என்று வீட்டில் சொல்வார்கள். அவனோ போர்வைக்குள் பேசிக்கொண்டிருப்பான். அந்த மாதங்களுக்கென்று முகத்தில் தெரியும் குறி ஒன்றைச் சேர்த்துப் பழக்குங்கள். பயிற்சியை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

படப் பலகை

"படத்தைக் காட்டிப் பழகிவிட்டால் அப்புறம் வாயைத் திறக்கவே மாட்டானே டீச்சர்?" ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். மாற்று வழி கொடுத்ததால் பேச்சு நின்றுபோகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு சற்றுக் கூடியதாகவே அவை காட்டியிருக்கின்றன. "முதலில் பேசவைத்துப் பார்ப்போம், முடியாவிட்டால் பலகை" என்று ஆண்டுகளைக் கடத்துவதில்தான் இழப்பு. பலகைக்கு இத்தனை வயது, இத்தனை அறிவு என்று எந்த முன்தகுதியும் கிடையாது.

கடையில் வாங்கும் படப் பலகைகளில் ஆப்பிள், பந்து, மீன், கார் என்று பெயர்ச்சொற்களே நிறைந்திருக்கும். அவற்றை வைத்து ஒன்றைக் கேட்டு வாங்கலாம். மறுக்க முடியாது, விசாரிக்க முடியாது, குறைசொல்ல முடியாது. நாள் முழுக்க நாம் பேசுவதைக் கவனித்தால் சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். பலகையின் பெரும்பகுதியை அவற்றுக்கே கொடுங்கள்: நான், எனக்கு, நீ, இது, அது, வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், வா, போ, கொடு, பார், நிறுத்து, என்ன, எங்கே, யார், ஏன், பிடிக்கும், பிடிக்காது, வலி, உதவி, முடிந்தது.

ஓர் எஸ்டேட் லைனில் பத்து வயதுப் பையன் ஒருவன். அவனுடைய பலகையில் "எங்கே" என்ற கட்டத்தையும் காட்டெருமையின் புகைப்படத்தையும் சேர்த்திருந்தோம். அவர்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைக்குள் காட்டெருமை அடிக்கடி வந்து மேயும். மாலையில் அப்பா கிளம்பிக்கொண்டிருந்தார். பையனின் விரல் மெல்ல நகர்ந்து, வழியில் இரண்டு கட்டங்களில் தடுக்கி, காட்டெருமையில் நின்றது. பிறகு "எங்கே". அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மகன் தன்னிடம் ஒரு கேள்வி கேட்பது அவருக்குப் புதிது. படியிறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது" என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அதுவரை அவனிடம் இருந்த பலகையில் அவனால் பிஸ்கட் மட்டுமே கேட்க முடிந்திருந்தது.

கோபத்துக்கும் இடம் வையுங்கள். "எரிச்சலாக இருக்கிறது", "என்னைத் தனியாக விடு", "நீ சொல்வது தப்பு", "போடா". வீட்டார் தயங்குவார்கள். பேசும் பிள்ளைகள் எல்லோரும் இதையெல்லாம் சொல்லித்தானே வளர்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள். பலகையில் கோபத்துக்குச் சொல் இல்லாதவர் கையைக் கடித்துக்கொள்கிறார். அதற்கு "நடத்தைப் பிரச்சினை" என்று பெயர் வைக்கிறோம்.

இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பலகையை அப்படியே தமிழாக்க வேண்டாம். அதில் ஆளுக்கு அடுத்த கட்டம் வினை, பொருள் கடைசியில். விரல் இடமிருந்து வலம் போனால் "நான் வேண்டும் தண்ணீர்" என்று வரும். நமக்கு வினை கடைசியில். ஆகவே ஆட்கள் இடப்பக்கம், பொருளும் இடமும் நடுவில், வினைகள் வலப்பக்கம். படுகு, மலையாளம், கன்னடம் பேசும் வீடுகளுக்கும் இதே வரிசை பொருந்தும். காலம் காட்டும் விகுதிகளை அடுக்கிக் குழப்பாமல் நேற்று, இன்று, நாளை என்று மூன்று கட்டம் போடுங்கள். நிறத்துக்குத் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது: ஆட்கள் மஞ்சள், வினை பச்சை, எப்படி என்று சொல்பவை நீலம், பொருள்கள் ஆரஞ்சு. கட்டங்களின் இடத்தை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். கை தன் பழக்கத்தில் போய் நிற்கும் இடம் அது. புதுச் சொல் சேர்க்க முதலிலேயே வெற்றுக் கட்டங்கள் விட்டுவைப்பது நல்லது.

படங்களுக்கு, ஸ்பெயினின் அரகான் மாநில அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான சித்திரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகமல்லாத பயன்பாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் சுடுதண்ணீர் அண்டா, விறகடுப்பு, கம்பளி, மப்ளர், கொழுந்துக் கூடை, மினி பஸ், கரடி, ஹெத்தை அம்மன் திருவிழா இவற்றையெல்லாம் நாம்தான் புகைப்படம் எடுக்க வேண்டும். பொருளுக்குப் பின்னால் வெற்றுப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு எடுத்தால் படம் துலக்கமாக விழும்.

லேமினேஷன் செய்த அட்டையை ஓரம் ஒட்ட வெட்டினால் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் உள்ளே ஈரம் ஏறிக் காகிதம் கறுத்துவிடும். சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்கள். கூடலூர், பந்தலூர் மழைக்கு அதுவும் தாங்குவது கடினம். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் கொடுத்து ஃப்ளெக்ஸிலேயே அச்சிட்டுவிடுங்கள். சுருட்டலாம், துடைக்கலாம், எச்சில் பட்டாலும் கவலை இல்லை.

எழுத்து தெரிந்தவருக்கு

படிக்கத் தெரிந்த பெரியவரின் கையில் சிரிக்கும் முகமும் பிஸ்கட் படமும் கொடுப்பது அவரை அவமதிப்பது. தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் கண்டவர், மூச்சுக்காகத் தொண்டையில் டியூப் வைத்திருப்பவர், பக்கவாதத்தில் நாக்கும் உதடும் மட்டும் ஒத்துழைக்காதவர் இவர்களுக்கெல்லாம் மொழி உள்ளே அப்படியே இருக்கிறது. எழுத்துப் பலகை போதும். மூளையின் மொழிப் பகுதியே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தும் சேர்ந்து குழம்பும். அவருக்குக் குடும்பப் புகைப்படங்கள், ஊர் வரைபடம், தாளில் எழுதிக் காட்டும் இரண்டு மூன்று விடைகள் கைகொடுக்கும். யாருக்கு எது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் கட்டம் கட்டிய பலகையில் ஒரு சொல்லை முடிப்பதற்குள் இருவருக்கும் களைப்பு வந்துவிடும். 12 உயிர், 18 மெய், ஜ ஷ ஸ ஹ என்ற நான்கு, ஒரு புள்ளி போதும். "கா" வேண்டுமானால் முதலில் க, பிறகு ஆ. மெய்களை மட்டும் பாடப்புத்தக வரிசையில் வைக்காமல் இப்படி வையுங்கள்:

முதல் வரிசை: க ச த ந ப ம ய வ
இரண்டாம் வரிசை: ட ண ர ல ழ ள ற ன
மூலையில்: ங ஞ ஜ ஷ ஸ ஹ
உயிர் மேல்வரி: அ ஆ இ ஈ உ ஊ
உயிர் கீழ்வரி: எ ஏ ஐ ஒ ஓ ஔ, புள்ளி

சொல்லுக்கு முதலில் எந்த எழுத்து வரும், எது வராது என்று நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. மெய்யில் தொடங்கும் தமிழ்ச் சொற்களில் ஏறக்குறைய எல்லாம் முதல் வரிசை எட்டுக்குள் அடங்கிவிடும். சொல்லின் தொடக்கத்தில் உயிரையும் முதல் வரிசையையும் மட்டும் கேட்டால் பாதி நேரம் மிச்சம்.

கை அசையாதவருக்கு நாமே வாசிக்க வேண்டும். "உயிரா?" என்று கேட்டுக் காத்திருங்கள். கண் உயரவில்லை. "முதல் வரிசையா?" உயர்ந்தது. இனி க, ச, த என்று ஒரே சீரான வேகத்தில் சொல்லிக்கொண்டே போங்கள். கண் உயர்ந்த இடத்தில் நிறுத்தி, உடனே தாளில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்து "புள்ளியா? மேல்வரியா? கீழ்வரியா?" "தண்ணீர்" என்றால் த, அ, ண, புள்ளி. அதற்குள்ளாகவே "தண்ணீரா?" என்று கேட்டுவிடலாம். இப்படி நாம் முந்திக்கொண்டு ஊகிப்பது சிலருக்குப் பிடிக்கும். சிலருக்குத் தன் சொல்லைத் தானே முடிக்க வேண்டும். எது வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ஒருவரின் வீட்டில் இந்தப் பலகையை முதன்முதலாக விரித்தோம். உயிர் இல்லை, முதல் வரிசையும் இல்லை. அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். இரண்டாம் வரிசை என்றதும் கண் உயர்ந்தது. ட, ண, ர, ல. நின்றது. கீழ்வரி, ஓ. பிறகு ன, புள்ளி. "லோனா?" என்றார் மனைவி. மகளின் படிப்புக்காக வாங்கிய கடனின் தவணை கட்டியாகிவிட்டதா என்று கேட்கிறார். அவர் விழித்துக் கிடந்த இரவுகளில் குளிரா, தாகமா, தலையணையா என்றே எல்லோரும் மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். வீட்டின் பொறுப்பைச் சுமந்துகொண்டிருக்கும் மனிதர் அவர். நம் சேவை அவரை நோயாளி என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிடக் கூடாது.

பலகையின் பின்பக்கம் முழு வாக்கியங்கள் சில இருக்கட்டும். "திருப்பிப் படுக்க வை." "எச்சிலை உறிஞ்சி எடு." "விளக்கை அணை." "தவறாகப் புரிந்துகொண்டாய், முதலிலிருந்து தொடங்கு."

பேசும் கருவி

சென்னை வித்யாசாகர் அமைப்பின் துணையோடு உருவான அவாஸ் செயலி தமிழிலும் பேசும். ஐஐடி பம்பாயில் உருவான ஜெல்லோ இலவசம். எதை எடுத்தாலும், இணைப்பு இல்லாமல் இயங்குகிறதா என்று போனை விமான நிலைக்கு மாற்றிச் சோதியுங்கள். தமிழ்க் குரலை முன்கூட்டியே கருவியில் இறக்கி வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதே கட்டங்கள், அதே இடங்களோடு ஒரு காகிதப் பலகையும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். படுகோ குறும்பர் பேச்சோ பேசும் வீட்டில், சொற்களை அதே வயதுச் சொந்தக்காரப் பிள்ளையின் குரலில் பதிவு செய்யுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நடுவயதுப் பெண்ணின் குரல் ஒட்டாது.

சுற்றியிருப்பவர்களைப் பழக்குதல்

இதற்குத்தான் நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். பேசும் குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஓராண்டு காலம் தன்னைச் சுற்றிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பலகைப் பிள்ளையோ பலகையால் பேசும் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே நாம் பேசும்போது நாமும் பலகையைத் தொட்டுப் பேச வேண்டும். "மழை வருகிறது, நாம் உள்ளே போகலாம்" என்று சொல்லும்போது "மழை", "போ" என்ற கட்டங்களை விரல் தொடட்டும். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "சொல்லு, சொல்லு" என்று கையைப் பிடித்துக் கட்டத்தில் வைக்கவும் கூடாது. அது நம்முடைய பேச்சு, அவனுடையதல்ல. நாள் முழுக்க இது முடியாது என்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம், உடை மாற்றும் நேரம் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதை விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

வகுப்பை எஸ்டேட்டிலேயே, ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். கூடலூரிலிருந்து கோவைக்குப் பயிற்சிக்கு அழைத்தால் ஒரு நாள் கூலி போகும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்து இறங்கும் பிள்ளையால் அன்று எதையும் கற்க முடியாது. நிபுணர் கீழேயே இருக்கட்டும். வீட்டில் சாப்பிடும்போதும் விளையாடும்போதும் எடுத்த சிறு வீடியோக்களை அவருக்கு அனுப்பி, அவர் சொல்வதை இங்கே செய்து பார்க்கலாம். அறைக்குள் அரை மணி நேரம் பார்த்துச் சொல்லும் ஆலோசனையைவிட அது வீட்டுக்குப் பொருந்துகிறது என்பது என் அனுபவம்.

கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், டீக்கடைக்காரர் இவர்களுக்குச் சொல்ல வேண்டியவை மூன்றுதான். அவரையே பார்த்துப் பேசுங்கள், கூட வந்தவரைப் பார்த்து அல்ல. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், "புரியவில்லை, இன்னொரு முறை காட்டுங்கள்" என்று சொல்லுங்கள்.

கருவி கொடுத்த மறு வாரமே ஒரு நடை போய்வர வேண்டும். முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதம் ஒருமுறை. பலகை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவர் கைக்கெட்டும் இடத்தில் இல்லையென்றால் மற்ற எதையும் அன்று பேச வேண்டாம். சக்கர நாற்காலியில் கட்டவோ, கட்டிலருகே சுவரில் ஆணியடிக்கவோ அப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அடம்பிடித்தான் என்று பலகையைப் பிடுங்கி வைக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

ஆஸ்பத்திரியிலும் ஆபத்திலும்

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நோட்டின் முதல் பக்கத்தைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். அதில் ஒரு வரியைச் சிவப்பில் எழுதுங்கள்: "டிரிப் ஊசியை வலது கையில் போட வேண்டாம், நான் பேசும் கை அது." வலிக்கென்று தனி அட்டை வேண்டும். உடம்பின் முன்புறமும் பின்புறமும் வரைந்து, அருகில் குத்துகிறது, எரிகிறது, இழுக்கிறது, தாங்க முடியவில்லை என்ற சொற்கள்.

மழைக்காலத்துக்கென்று ஒரு சிறு அட்டை, பிளாஸ்டிக் உறையில், ஸ்வெட்டரின் உள்பையில் இருக்கட்டும். பெயர், வீட்டார் போன் எண், மருந்து, ஆம்–இல்லைக் குறி. 2019 ஆகஸ்ட்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நாம் பார்த்தோம். அப்படி ஓர் இரவில் முகாமுக்கு ஓடும்போது வீட்டார் வேறு, இவர் வேறாகப் பிரிய நேரலாம்.

உடல் உறுப்புகளின் பெயர்களும், "தொட்டான்", "பிடிக்கவில்லை", "பயமாக இருக்கிறது", "யாரிடமும் சொல்லாதே என்றான்" என்பவையும் பலகையில் இல்லாவிட்டால் தனக்கு நடந்த கொடுமையை அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்ல முடியாது. வெட்கப்பட்டுத் தவிர்க்கக் கூடாத பக்கம் இது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 26வது பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும்போது சிறப்பாசிரியர் அல்லது அக்குழந்தையின் தொடர்பு முறை அறிந்தவரின் உதவியைப் போலீசாரும் மாஜிஸ்திரேட்டும் பெறலாம் என்கிறது. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் உங்கள் பெயரையும் எண்ணையும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பலகையின் ஓரத்தில் அச்சிடுங்கள்.

மனு எழுதும்போது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே மாற்றுத் தொடர்பு முறைகளையும் சேர்த்திருக்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடு உள்ளவர்களின் அன்றாடத் தொடர்புக்குத் தக்க மாற்று முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்று 17வது பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று. பக்கவாதத்தால் பேச்சிழந்தவரும் அதில் வரலாம். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

ஊட்டியில் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் "உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். வேண்டியதை வரி வரியாக எழுதுங்கள்: தமிழ்க் குரல் உள்ள டேப்லெட் ஒன்று, அதைச் சக்கர நாற்காலியில் பொருத்தும் தாங்கி, ஆறு மாதத்துக்கு வீட்டுக்கு வந்து பழக்கும் பயிற்சியாளர், வீட்டாருக்கும் காப்பக ஆயாவுக்கும் பயிற்சி. தாங்கியும் பயிற்சியும் இல்லாத டேப்லெட்டுக்கு மட்டும் மனு போட வேண்டாம். பள்ளி வயதைக் கடந்தவர்களை யாரும் தேடி வருவதில்லை. பதினெட்டு வயது நிறைவதற்கு ஓராண்டு முன்பே, அதற்குப் பின் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சேவையைப் பற்றி அவரையே கேட்பது

ஆண்டு இறுதி அறிக்கையில் எத்தனை பேருக்குக் கருவி கொடுத்தோம் என்ற கணக்கு இருக்கும். அதோடு பயனாளியின் பதிலும் இருக்க வேண்டும். அதற்கென்று தனி அட்டை செய்யுங்கள்: இந்த டீச்சர் பிடிக்கும், பிடிக்காது, வேறு ஆள் வேண்டும், நேரம் சரியில்லை, பலகையில் சொல் போதவில்லை, இதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. வழக்கமாகப் போகும் ஆசிரியர் அன்று அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. வேறொருவர் போய்க் கேட்க வேண்டும். வீட்டார் பதில் சொல்லத் தொடங்கினால் அன்போடு நிறுத்தி, அவருக்கே நேரம் கொடுங்கள். அவர் காட்டியதை அப்படியே, திருத்தாமல் பதிவேட்டில் எழுதுங்கள். "வேறு ஆள் வேண்டும்" என்றால் அடுத்த மாத அட்டவணையிலேயே ஆளை மாற்றி, மாற்றியதை அவரிடம் பலகையைத் தொட்டுச் சொல்லிவிடுங்கள்.